ஏரியைக் கண்டுபிடித்தவர்கள்

ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் ஏரிப் பாடம் என்று ஒன்று இருந்தது. தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அதை நடத்த வேண்டிவரும். ஒரு வெள்ளைக்காரர் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் மாதக்கணக்காக நடந்து, காய்ச்சலில் விழுந்து எழுந்து, கடைசியில் ஒரு பெரிய ஏரியைக் கண்டுபிடிக்கிறார். பக்கத்தில் ஒரு படம். அவர் தொப்பியோடு முன்னால் நிற்பார். பின்னால் தலையில் மூட்டையோடு ஒரு வரிசை ஆட்கள். அந்த ஆட்களுக்கு முகம் வரைந்திருக்காது. கறுப்பு மையை அப்பிவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

பாடம் முடிந்த மறுநாள் வகுப்பில் யாராவது ஒருத்திக்குப் புதுப்பெயர் வந்துவிடும். இருக்கிறவர்களிலேயே கறுப்பாக இருப்பவளை "ஏய் ஆப்பிரிக்கா" என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். முழுப்பரீட்சை வரைக்கும் அந்தப் பெயர் அவளை விடாது. நான் அதட்டுவேன். அதட்டினால் வகுப்புக்குள் நிற்கும், வராந்தாவில் தொடரும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சர். வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த உற்சாகம் ஏழெட்டு வருஷத்தில் கரைந்து போயிருந்தது. விடிவதற்கு முன்னால் தெருக்குழாயில் குடத்தோடு நின்று, அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, வேர்க்க வேர்க்க நடந்து போய்ச் சேர்ந்தால் முதல் பீரியடிலேயே தொண்டை கட்டிவிடும். பெஞ்சு கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள். உறைபனி விழும் ஊரைப் பற்றிப் பாடம். நானும் உறைபனியைப் பார்த்ததில்லை, எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரும் பார்த்ததில்லை. மில்லில் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பிடி பஞ்சு கொண்டுவரச் சொல்லி, மேலேயிருந்து தூவிக் காட்டி, "இந்த மாதிரி விழும்" என்பேன். பிள்ளைகள் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கே நம்பிக்கை கம்மிதான்.

ஏரிப் பாடம் எனக்கு வேறு விதத்திலும் உறுத்தும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு நெறந்தான் கம்மி" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனவர்கள். நாலைந்து இடம் அப்படித் தட்டிப்போனதும் அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டு என்னை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார். அப்பா போனபிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான்.

ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் கிராமப் பணிக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர்களும் அங்கே வந்து படிப்பார்கள். அந்த வருஷம் கானாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு. அந்த அரசாங்கமே படிக்க அனுப்பியிருந்தது. கிராமங்களுக்குப் போனால் பேச்சு புரியவில்லை, தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியையிடம் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கெழம நீங்க வீட்ல சும்மாத்தான இருக்கீங்க? செத்த நேரம் சொல்லிக் குடுங்க டீச்சர்."

வாரம் முழுக்கச் சேர்ந்த துணியை நான் துவைப்பது சனிக்கிழமையில்தான். அதைச் சொல்லிப் பயனில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் சனிக்கிழமை அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே தெருப் பிள்ளைகள் ஒரு கூட்டம். கதவைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"யாத்தே, இம்புட்டுக் கருப்பா!" என்றாள், வந்தவருக்கு எங்கே புரியப் போகிறது என்ற தைரியத்தில்.

வந்தவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "ஆமாம் அம்மா. நான் கறுப்பு. தண்ணீர் வேண்டும்" என்றார். வந்த சில வாரத்தில் அங்கங்கே பொறுக்கிச் சேர்த்த தமிழ் அது. கறுப்பு என்ற சொல்லைத்தான் முதலில் கற்றுக்கொண்டாராம். போகிற இடமெல்லாம் அது காதில் விழுந்ததாம்.

அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. மதியம் பார்த்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் மூன்று வகை வைத்திருந்தாள். வெட்கப்பட்டால் அம்மா அதிகமாகச் சமைப்பாள்.

நான் அரிச்சுவடியை எடுத்து வைத்தேன். அவர் அதை மெதுவாக மூடி ஓரமாக வைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்: "எழுத்து அப்புறம் படிக்கிறேன். முதலில் எனக்கு மூன்று வாக்கியம் வேண்டும். என் தலைமுடியைத் தொடாதீர்கள். நானும் வரிசையில்தான் நிற்கிறேன். மூன்றாவது, 'நாளைக்குச் சொல்கிறேன்' என்பது."

மூன்றாவது எதற்கு என்று கேட்டேன்.

"பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும். உங்கள் ஊரில் சிங்கம் தெருவில் வருமா, துணி கட்டுவீர்களா, அரிசி தெரியுமா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தெரியும். ஆனால் எல்லா நாளும் பதில் சொல்ல முடியவில்லை."

மூன்றையும் நம் ஊர்ப் பேச்சில் சொல்லிக் கொடுத்தேன். "முடியத் தொடாதீங்க." "நானும் வரிசையிலதான் நிக்கிறேன்." "நாளைக்குச் சொல்றேன்." திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். அடுத்த வாரம் வந்ததும் ஒரு சந்தேகம் கேட்டார். கடைக்காரர் உங்களிடம் "என்ன வேணுங்க" என்கிறார், என்னிடம் "என்ன வேணும் ஒனக்கு" என்கிறார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நீ, நீங்கள் என்று விளக்க ஆரம்பித்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் இலக்கணத்தில் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஓரிரு மாதம் போனபிறகு அவரே சொன்னார். "டீச்சர், நீங்க என்ன நீன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அது வேற." அன்றிலிருந்து எனக்கு அவர் அவள் ஆனாள்.

அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாம் என்று தோன்றியது. புத்தகத்தை விட்டு வெளியே பிள்ளைகள் இங்கிலீஷ் கேட்டதே கிடையாது. பெரிய டீச்சர் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஒன்பதாம் வகுப்பில் அவள் நின்றதும் சத்தம் அடங்கிப்போனது. பெயரைப் பலகையில் எழுதினாள். பிள்ளைகள் திக்கினார்கள். "தமிழ்ல ஒரு பேர் வச்சிருவோமா டீச்சர்?" என்று முன்பெஞ்சுக்காரி என்னிடம் கேட்டாள். நான் இங்கிலீஷில் சொல்வதற்கு முன்பே கானாக்காரிக்கு அது புரிந்துவிட்டது.

"வேண்டாம். இதே பேரைச் சொல்லுங்க. நான் உங்க பேரெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் சொல்றேன்."

சொல்ல வைத்தாள். அது பிறந்த கிழமையைக் குறிக்கும் பெயராம். அவள் ஊரில் எல்லோருக்கும் அப்படி ஒரு பெயர் உண்டாம். நீங்கள் என்ன கிழமையில் பிறந்தீர்கள் என்று இங்கிலீஷில் ஒவ்வொருவராகக் கேட்டாள். தெரியாதவர்கள் மறுநாள் வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கிழமைகளை ஸ்பெல்லிங் தப்பில்லாமல் எழுத நான் வருஷக்கணக்காகப் பட்டபாடு அந்த ஒரு வாரத்தில் தீர்ந்தது.

இன்னொரு நாள் மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சொன்னாள். அவித்த கிழங்கை உரலில் போட்டு உலக்கையால் இடிப்பார்களாம். ஒருத்தி இடிக்க, ஒருத்தி கையால் புரட்டிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். அக்கா மில்லில் வேலை பார்த்து இவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அந்த வருஷம் ஏரிப் பாடம் வந்தால் பெயர் விழப்போவது இவளுக்குத்தான் என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த பிள்ளை.

அவள் மேப் மாட்டும் கம்பை எடுத்து உலக்கையாகப் பிடித்துக்கொண்டு, "நான் குத்துறேன், நீங்க தள்ளிவிடுங்கக்கா" என்றாள். கானாக்காரி தரையில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள். கம்பு இறங்கும், கை விலகும். கம்பு ஏறும், கை உள்ளே போகும். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. இருவரும் வேறு வேறு ஊரில் பழகிய ஒரே வேலை. பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. எல்லா வகுப்புக்காரர்களும் அவளைக் கேட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் பேசச் சொன்னார்கள். வேறு பள்ளிகளிலிருந்தும் பெரிய டீச்சரிடம் கேட்டு வந்தார்கள். அவளும் மறுக்காமல் போனாள். போகிற இடத்தில் எல்லாம் அதே கேள்விகள். ஒரு மதியம் என் வகுப்புக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், இன்னைக்கு நான் பேசலை. சும்மா உட்கார்றேன்."

"ஒடம்பு சரியில்லையா?"

அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். "உடம்புக்கு ஒன்றும் இல்லை. சோப்பு வாங்கக் கடைக்குப் போனால்கூட அங்கே ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை நான் ஆப்பிரிக்காவாகவே இருக்கிறேன். ஆப்பிரிக்கா எவ்வளவு பெரிது தெரியுமா? நான் ஒருத்தி தாங்கமாட்டேன்."

கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, மேசைமேல் தலையை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். நான் குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்தினேன். பிள்ளைகளும் குசுகுசுவென்றே பதில் சொன்னார்கள். பெல் அடித்ததும் யாரும் எழுந்து ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேடசந்தூர்ப் பெண் தன் நோட்டு அட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

வகுப்புக்கு அவள் வந்தாலே போதும், பாடம் தானாக நடந்துவிடும் என்று நான் இருந்துவிட்டேன் என்பது அப்போது உறைத்தது. எனக்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வு அவள் முதுகில் ஏறியிருந்தது.

தீபாவளி வந்து போனது. ஏரிப் பாடத்தைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முழுதும் படித்தாள்.

"இதே மாதிரி ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்திலும் இருந்தது" என்றாள். "மிஷன் பள்ளிக்கூடம். வெள்ளைக்கார டீச்சர். நாங்கள் எல்லோரும் கறுப்புப் பெண்கள். அந்தக் கதையைப் படித்துவிட்டு நாங்களும் அந்தத் தொப்பிக்காரர் பிழைக்க வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டோம். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் ஆற்றில் விழுவான். சிரித்தோம்."

"நீ வந்து பிள்ளைகளிடம் இதைச் சொல்லேன்" என்றேன்.

அவள் தலையசைத்தாள். "அன்னைக்கு நான் வரமாட்டேன் டீச்சர். நீங்கதான் நடத்தணும்."

"எனக்கு என்ன தெரியும்?"

"பொண்ணு பார்க்க வந்தவங்க கதைய எங்கிட்டச் சொன்னீங்கள்ல? அது தெரியுமே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் பூராவும் பாடத்தைத் தள்ளிப்போட்டேன். லீவு போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் ஒரு காலைப் பொழுதில் பாடத்தை ஆரம்பித்தேன். வழக்கம்போல் வாசித்து, அர்த்தம் சொல்லி முடித்தேன். பிறகு படத்தைப் பார்க்கச் சொன்னேன். "இந்த மூட்டைக்குள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டேன். அரிசி, கூடாரம், துப்பாக்கி, மருந்து என்று சொன்னார்கள். "தூக்கிட்டுப் போறவங்க ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பாங்க?" மரவள்ளிக்கிழங்கு என்றது ஒரு குரல். "வழி யாருக்குத் தெரியும்?" "அந்த ஆளுகளுக்குத்தான் டீச்சர் தெரியும்" என்றாள் ஒருத்தி. "அப்ப அவங்க பேரு ஏன் புத்தகத்துல இல்ல?" என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியையே இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். தப்பும் தவறுமாக எழுதினார்கள். ஆனால் எழுதினார்கள். முன்பெல்லாம் பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி.

அந்த வருஷம் என் வகுப்பில் யாருக்கும் பெயர் விழவில்லை. அடுத்த பிரிவில், வேறு டீச்சர் நடத்திய வகுப்பில், விழுந்தது.

தை மாதத்தில் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வந்தார். பெண்கள் பள்ளிகளைச் சோதனை பார்க்க வருபவர். வெளுத்த கதர்ப் புடவை, மூக்குக் கண்ணாடி. அன்றைக்குள் இன்னும் இரண்டு பள்ளிகள் பார்க்க வேண்டியிருந்தது போலும், உட்காராமலேயே புத்தகத்தைப் புரட்டினார். அவர் கண்ணில் பட்டது ஏரிப் பாடம்தான்.

"ஏரியைக் கண்டுபிடித்தது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சை நோக்கி விரலை நீட்டினார். வேடசந்தூர்ப் பெண் எழுந்தாள்.

"பீப்பிள் தேர், மேடம்" என்றாள். அங்கே இருக்கும் ஜனங்கள்.

"என்ன?"

"டெய்லி தே டிரிங்க், மேடம்." தினமும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அதற்குமேல் இங்கிலீஷ் வராமல் தமிழுக்கு வந்தாள். "தண்ணிக்குப் போறவுகளுக்கு ஏரி எங்க இருக்குன்னு தெரியாதா மேடம்?"

யாரோ ஒரு பிள்ளை சிரித்து உடனே அடக்கிக்கொண்டது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மா புத்தகத்தை மூடினார். "புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?"

"புத்தகத்துல அவுக இல்ல மேடம்."

பெரிய டீச்சரின் அறையில் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் வந்து வகுப்பெடுப்பதும் அதற்குள் பேச்சோடு பேச்சாக வெளியே வந்திருந்தது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா பேப்பர் திருத்துறவன் ஒரே ஒரு பேரைத்தான் தேடுவான். அது இல்லைன்னா மார்க் போடமாட்டான். இவ ஃபெயிலானா நீங்க போய் அவன்கிட்டப் பேசுவீங்களா?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"உச்சரிப்பும் கெட்டுப்போகும். இங்கிலீஷ்னா இங்கிலீஷ்காரங்க பேசுற மாதிரி வரணும்."

"நாம யாரும் அப்படிப் பேசலையேம்மா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பள்ளி நேரத்தில் வெளியார் வகுப்புக்குள் வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார். போன பிறகு பெரிய டீச்சர், "விடுங்க டீச்சர், நமக்கெதுக்கு இம்புட்டு வம்பு" என்றார். அவருக்கு ஓய்வுபெற அதிக காலம் இல்லை. அவர்மேல் கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். "பரீட்சையில புத்தகத்துல உள்ள பேரையே எழுதுங்க. ஆனா நமக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரிஞ்சதுதான்." வேடசந்தூர்ப் பெண் தலையைக் குனிந்துகொண்டே, "சரிங்க டீச்சர்" என்றாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று அவள் பயந்திருந்தாள். மதிய இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு அப்படி இல்லை என்று சொன்னேன். எவ்வளவு நம்பினாளோ. அவள் பதினோராம் வகுப்புவரை வந்தாள். இங்கிலீஷில் நல்ல மார்க், கணக்கில் போய்விட்டது. அக்காவோடு மில்லுக்குப் போனாள். சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. "புதன்கெழம பொறந்தான் டீச்சர்" என்றாள், நான் கேட்காமலேயே.

கானாக்காரி அந்தச் சித்திரையில் ஊருக்குக் கிளம்பினாள். வகுப்புக்கு வரக்கூடாது என்று ஆனதும், நான் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவள் நிம்மதியாகத்தான் மூச்சுவிட்டாள். கூடவே வருத்தமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாதா என்ன. சனிக்கிழமைகளில் தொடர்ந்து வந்தாள். தமிழ்ப் பாடம் குறைந்துபோய், பாதி நேரம் நாங்கள் பேசாமலேயே உட்கார்ந்திருந்தோம். நான் துணி துவைத்தேன், அவள் பிழிந்து போட்டாள். அம்மாவுக்கு அவள் கையால் தலைவாரிக்கொள்வது பிடித்துப்போயிருந்தது.

அவளை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட நான்தான் போனேன். வெயில் தகித்தது. பிளாட்பாரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், சாமான் வண்டிகள், பழனிக்குப் போய்வந்த மொட்டைத் தலைக் குடும்பங்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ரயில் வரும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க ஊர்ல ஒரு சொல்லு இருக்கு டீச்சர். வேலை செஞ்சுட்டு இருக்கிறவங்களப் பார்த்தா சொல்லுவோம். தெரியாதவங்களா இருந்தாலும் சொல்லணும். அயெக்கோ."

"அப்படின்னா?"

"நீ பாடுபடுறத நான் பாத்தேன்னு அர்த்தம். அவ்வளவுதான். தமிழ்ல இருக்கா?"

யோசித்தேன். "என்ன, வேலையா இருக்கியா" என்று கேட்போம். அது வேறு. ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாக அந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க மறந்துபோயிருந்தேன். வெறுமனே கையை அசைத்தேன்.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று பெரிய டீச்சர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. கழுத்தெல்லாம் வேர்வை. வாசலில் நின்று அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

நிமிர்ந்து பார்த்தார். "என்ன டீச்சர், தும்முறீங்களா?"

"இல்லம்மா" என்றேன். எனக்குப் போட்டிருந்த பீரியடுகளைக் குறித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.